புதையல் படம் வரையும் முன்: சாகசக் குறும்படங்களில் தேசப்படம் படும் பாடு

சாகசக் குறும்படம் எடுக்கக் கிளம்பியவுடன் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை, ஒரு தாளைப் பிளேன்டீயில் தோய்த்து ஓரத்தை மெழுகுதிரியில் கருக்குவது. ஆனால் அந்த ஓரத்தை யார் கொளுத்தினார்கள், எதற்கு என்று கதையில் ஒருவருக்கும் தெரியாது. பழைய தேசப்படம் உண்மையில் கெடுவது மடிப்பில்தான். மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழும், அப்புறம் பூச்சி அரிக்கும். பழுப்பு நிறத்தையும் கொஞ்சம் யோசித்துப் பூசுங்கள். ஒல்லாந்தர் காலத்துத் தாள் கந்தல் துணிக் கூழில் செய்தது. பத்திரமாக வைத்திருந்தால் அவ்வளவு பழுப்பேறாது. பழுத்து நொறுங்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய மரக்கூழ்த் தாள்தான். கொப்பித் தாளின் நீலக்கோடு தெரிந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

காலத்தில் சறுக்குவது இதைவிட மோசம். பெரிய கம்பனிகளும் இதில் தப்பவில்லை. 1981இல் வந்த முதல் இந்தியானா ஜோன்ஸ் திரைப்படம் 1936இல் நடக்கும் கதை. அதில் விமானம் பறக்கும் தேசப்படத்தில் தாய்லாந்து என்று எழுதியிருக்கும். அந்த நாட்டுக்கு 1939 வரை சியாம் என்றுதான் பெயர். நம் மட்டக்களப்புப் பக்கத்திலும் இப்படிக் கண்ணிகள் நிறைய உண்டு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். ஆகவே வெள்ளைக்காரன் காலத்துக் கதையில் அந்த எல்லைக்கோடு வரவே கூடாது. கல்லோயாத் திட்டத்துக்கு முந்திய கதை என்றால் இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கமும் இருக்காது. மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன் நடக்கும் கதையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர் மண்முனைத்துறையில் ‘பாதை’க்கு, அதாவது வாவியைக் கடத்திவிடும் மிதவைக்கு, காத்து நிற்க வேண்டும். துரத்துகிறவன் பின்னால் வர, பாதை அக்கரையில் நிற்கிறது என்றால் அதைவிட நல்ல சாகசக் காட்சி எது? பாலத்தைப் போட்டு அதை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, கதாநாயகன் தேசப்படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு ஓடத் தொடங்குவது. தேசப்படம் வாசிப்பது ஒரு வேலை. கல்லடிப் பாலத்தில் நிற்கிறவர் முதலில் தாளைத் திருப்பி, நகரம் நகரப் பக்கமும் கடல் கடல் பக்கமும் வரும்படி பொருத்துவார். பிறகு தூரம் பார்ப்பார். ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் என்று அச்சடித்த பழைய நில அளவைப் படத்தில் பெருவிரல் அகலம் ஏறக்குறைய ஒரு மைல். விரலை மாற்றி மாற்றி வைத்து எண்ணும்போது, நடிகர் முகத்தில் களைப்பு முன்கூட்டியே வந்துவிடும். வசனமே தேவையில்லை. இதைக் காட்டினால், அவர் பிறகு வழி தவறும்போது பார்ப்பவருக்கும் பதறும்.

பெருக்கல் குறி போட்ட இடத்தில் புதையல் இருக்கும் என்ற வழக்கம் 1883இல் புத்தகமாக வந்த ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’க்குப் பிறகே பரவியது. கடற்கொள்ளைக்காரர் கிடைத்ததைப் பெரும்பாலும் பங்கு போட்டுச் செலவழித்துவிடுவார்கள். குறி வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பிக் கதை எழுதாதீர்கள்.

நம் ஊரில் அதற்குத் தேவையும் இல்லை, வாவி இருக்கிறதே. பாலமீன்மடுவில் முகத்துவாரம் வெயில் காலத்தில் மணல் சேர்ந்து மூடிவிடும். மாரி மழையில் நீர் ஏறியதும் உடைத்துக்கொள்ளும், சில நேரம் ஆட்கள் வெட்டிவிட வேண்டியும் வரும். ஆடியில் வரைந்த தேசப்படத்தை நம்பி மார்கழியில் வருகிறவன், நடந்து கடக்கலாம் என்று நினைத்த இடத்தில் கடலுக்கு இழுக்கும் நீரோட்டத்தைப் பார்ப்பான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலுக்கு நடுவே போகும் வழியும் அதே மாதிரி, வெள்ளத்தில் காணாமல் போகும். தேசப்படம் பொய் சொல்லவில்லை, வரைந்த மாதம்தான் வேறு. இந்த இக்கட்டு கையிலிருக்க, எதற்குக் குகையும் மண்டையோடும் என்பதே என் கேள்வி.

தேசப்படத்தின்மேல் சிவப்புக் கோடு ஓடுவது விமானப் பயணத்துக்குப் பொருந்தும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் போகும் பஸ்ஸுக்குப் போட்டால் சிரிப்புத்தான் வரும். சிரிப்புத்தான் நோக்கம் என்றால் சரி.

படமாக்கும்போது தாளில் ஊர்ப்பெயர்களை அள்ளிக் கொட்டாதீர்கள். பார்ப்பவர் கையில் இருப்பது சின்னக் கைபேசித் திரை. அந்தக் காட்சிக்கு வேண்டிய இரண்டு மூன்று பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் போதும், மற்றவை மங்கலாகவே இருக்கட்டும். தாளைக் காட்டினால், அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசித்து முடிக்கும் நேரம்வரை கமராவை அசைக்காதீர்கள்.

இன்னொன்று, தேசப்படத்தை மூன்று பிரதியாவது செய்து வையுங்கள். தோணிக் காட்சியில் ஒன்று கட்டாயம் நனையும். மடிப்பும் கறையும் எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில் விழவேண்டும், இல்லாவிட்டால் ஒரே காட்சிக்குள் கறை களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கு நகர்ந்துவிடும்.