கை முடங்கி வேலை போகும்போது: ராஜினாமா தாளில் தொடங்கும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைப்பவருக்கும் பிசிறு வெட்டுபவருக்கும் கைதான் பிழைப்பு. சரவாங்கி என்று சொல்லப்படும் முடக்குவாதம் விரல் மூட்டுகளையும் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டால் முதலில் பீஸ் கணக்கு குறையும். அடுத்து சூப்பர்வைசரின் முணுமுணுப்பு தொடங்கும். சில மாதங்களில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். பின்னாளில் உதவி கேட்டு அலைபவர்கள் பலருக்குச் சிக்கல் அந்தத் தாளில்தான் தொடங்குகிறது.

"சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்ற வரியில் கையெழுத்திடுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெறுவதற்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ச்சியான வேலை தேவை. ஆனால் விபத்தாலோ நோயாலோ செய்துவந்த வேலையைச் செய்ய இயலாமல் போனவருக்கு இந்த 5 ஆண்டு நிபந்தனை கிடையாது. மூன்று ஆண்டு வேலை பார்த்தவரும் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கேட்கலாம். விலகல் கடிதத்தில் நோயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால் இந்தக் கோரிக்கையை நிறுவுவது கடினம். கடிதம் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் நோயின் பெயர், எந்தக் கை, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பவற்றைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே போன்றதுதான் பி.எஃப். விஷயத்தில் நேரும் தவறும். கம்பெனி மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுவது இங்கே பலருக்கும் பழக்கம். தீபாவளிச் செலவுக்கு அது கைகொடுக்கவும் செய்கிறது. ஆனால் பி.எஃப்.போடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், பணியில் இருக்கும்போதே நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாதவராகிவிட்ட உறுப்பினருக்கு, 10 ஆண்டு சேவை இல்லாவிட்டாலும், ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே மாத ஓய்வூதியம் கோர வழி இருக்கிறது. நோய் வேலையால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனை கடுமையாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் கிடைத்துவிடாது. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு 10சி படிவத்தில் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டவர் கேட்கும் தகுதியையே இழந்துவிடுகிறார். பணத்தை எடுப்பதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஈஎஸ்ஐ அட்டை இருந்தும் தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, விடுப்புச் சான்று இல்லாமல் வீட்டில் இருப்பவர்களும் உண்டு. உரிய ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டப்பட்டிருந்தால், ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்றைக் கொண்டு சராசரிச் சம்பளத்தில் 70 விழுக்காட்டை ஆண்டுக்கு 91 நாள் வரை பெறலாம். சான்று வாங்காத நாளுக்குப் பணம் வராது.

சிகிச்சையில் நேரும் தவறுகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், ஏனென்றால் அது உயிருக்கே ஆபத்தானது. முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது. வலி குறையவில்லையே என்று தினமும் விழுங்கினால் ரத்த அணுக்களின் உற்பத்தியே குலைந்துவிடும். அது வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும் என்பதால், இடையில் நிறுத்திவிட்டுப் பெயர் தெரியாத பொடிக்கு மாறுவதும் கூடாது.

மாற்றுத்திறனாளி சான்றுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் முடக்குவாதம் தனியாக இல்லை என்பதைப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். கை இயக்கத்தில் நிரந்தரக் குறைபாடு இருந்தால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் மதிப்பிடுவார்கள். 2021 ஜூன் முதல் யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இணையதளம் வழியாகத்தான் சான்று வழங்கப்படுகிறது.

சான்றுக்காகப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவின் முன் "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. வலியை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. கட்டைவிரல் மற்ற விரல்நுனிகளைத் தொடுகிறதா, சாவியைப் பிடிப்பதுபோல் பக்கவாட்டில் பிடிக்க முடிகிறதா, உருளையையும் பந்தையும் பற்ற முடிகிறதா, பிடியின் வலு எவ்வளவு, தொடுவுணர்ச்சி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே ஊசியில் நூல் கோர்க்க முடியாதது, பாபினைக் கழற்ற முடியாதது, குழம்புச் சட்டியை இறக்க முடியாதது என்று செயலாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயும் தொடர் சிகிச்சைக் குறிப்புகளும் கையில் இருக்க வேண்டும். நோய் இரு கைகளிலும் இருந்தால் இரண்டையும் காட்ட வேண்டும். வலக்கையை மட்டும் நீட்டிவிட்டு வருபவருக்குச் சான்றில் குறைபாட்டின் விழுக்காடு குறைந்துவிடுகிறது. சிகிச்சை தொடங்கிய முதல் மாதத்திலேயே போனால், குறைபாடு நிரந்தரமா என்று தெரியவில்லை எனத் திருப்பி அனுப்பவோ தற்காலிகச் சான்று தரவோ கூடும். விரல்கள் முற்றிலும் கோணிப்போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. முடிவு சரியில்லை என்று தோன்றினால் மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

சான்றில் 40 விழுக்காடு குறைபாடு என்பதே பெரும்பாலான உதவிகளுக்கு வாசல். ஆனால் சான்று வந்ததும் பணம் தானாக வந்துவிடாது. வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு இ-சேவை மையம் வழியாகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்; குடும்பத்தின் வருமான நிலையும் பார்க்கப்படும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை இதிலிருந்து வேறானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் பலர்.

வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு பி.எஃப்., ஈஎஸ்ஐ இரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்களுக்குத் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. நோயால் முடங்கியவருக்கான ஓய்வூதியத்தை அங்கே கேட்கலாம். ஆனால் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகிக் கிடந்தால் மனு முதல் மேசையிலேயே நின்றுவிடும். கை இன்னும் ஓடும்போதே அட்டையின் தேதியைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.