வேலைக்கு இருப்பவர் ‘எங்க கடை’ என்று சொல்ல வேண்டுமா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

மதுரையில் பாத்திரக்கடை நடத்துகிறேன். புதிதாகக் கடை போட்ட தம்பிகள் யோசனை கேட்டு வருவார்கள். புலம்பல் எப்போதும் ஒன்றுதான்: “நம்ம கடைன்னு ஒரு நினைப்பே இல்லண்ணே அவங்களுக்கு.” போய்ப் பார்த்தால், நான் ஆரம்பத்தில் அடித்த கூத்தெல்லாம் அங்கே அப்படியே நடந்துகொண்டிருக்கும். சம்பளத்தை இழுத்தடிக்காதே, நாலு பேர் முன்னால் திட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுவோம்.

வேலைக்கு இருப்பவர் சொன்ன விலையைக் கல்லாவில் உடைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

ஒரு கடையில் கண்ணால் பார்த்தது. ஓர் அம்மா 5 லிட்டர் குக்கர் கேட்டார். விற்பனைக்கு நின்ற பெண் நாலைந்து குக்கரை இறக்கிக் காட்டினார். சாதா அலுமினியம் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள் என்று பொறுமையாக விளக்கினார். 100 ரூபாய் குறைத்து, “இதுக்கு மேல முடியாதுக்கா” என்றார். அந்த அம்மா நேராகக் கல்லாவுக்குப் போய், “பார்த்துப் போடுங்க தம்பி” என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே இன்னும் 150 ரூபாய் குறைத்தார்.

முதலாளிக்குப் பெரிய மனசுக்காரர் என்று பெயர். அவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசிய பெண் பொய்க்காரி.

அந்த 150 ரூபாயை விடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் எதற்கும் வாய் திறக்க மாட்டார். விலையா, “ஓனரைக் கேளுங்க.” மூடி லீக் ஆகிறதா, “ஓனரைக் கேளுங்க.” வாடிக்கையாளர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். அடுத்த முறை பேரத்தைக் கல்லாவில்தான் தொடங்குவார்கள். முதலாளி டீ குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது. அப்புறம் நம்மிடம் வந்து, நம்ம கடை என்ற நினைப்பே இல்லை என்று புலம்புவார்.

எவ்வளவு வரை இறங்கலாம் என்பதைப் பொருளுக்குப் பொருள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொள்முதல் விலையையும் சொல்லுங்கள். போட்டிக் கடைக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள்; அந்தக் கடைக்கும் பெரும்பாலும் அதே டீலர்தானே சரக்கு போடுகிறார்! யாராவது கல்லாவுக்கு வந்து கேட்டால், “அவங்ககிட்டயே கேளுங்கம்மா, அவங்க சொன்னா சரி” என்று திருப்பி அனுப்புங்கள். காஸ்கெட், விசில் போன்ற சின்னச் சாமான்களை உங்களைக் கேட்காமலே மாற்றிக் கொடுக்கும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். தொடக்கத்தில் சிலர் கொஞ்சம் தாராளமாக அள்ளி விடுவார்கள்தான். கடை சாத்திய பிறகு பில்லைக் காட்டித் தனியாகப் பேசுங்கள். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது, வேலைக்கு இருப்பவர் தப்பான விலை சொல்லியிருந்தாலும் அதே விலைக்குக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நாள் முழுக்க நிற்க வைப்பது

தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். ஸ்டூலை வாங்கிப் போட்டுவிட்டு, அதன் மேலேயே அட்டைப்பெட்டியை அடுக்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கால் கடுக்க நிற்பவரிடம் சிரித்த முகம் கேட்பது கொஞ்சம் அதிகம்.

கடைப் பெயர் போட்ட சட்டைக்குச் சம்பளத்தில் பிடிப்பது

பிடிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆஃபர் போடச் சொல்லி நச்சரிப்பது

அவர் போன், அவர் ரீசார்ஜ். அவராகப் போட்டால் சந்தோஷம்.

போனஸைக் கடைசி ராத்திரி கொடுப்பது

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமென்றால் 8.33 சதவீதம் குறைந்தபட்ச போனஸ் என்று சட்டமே சொல்கிறது. நாலைந்து பேர் இருக்கும் கடைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனாலேயே ஏதோ தருமம் செய்வது போல, தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஷட்டரை இறக்கும்போது கவரை நீட்டுகிறார்கள். அந்த நேரத்துக்கு மேல் அவர் எங்கே போய்ப் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பார்? இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டு, துணி எடுக்க அரை நாள் லீவும் கொடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார் என்று பயமா? போக நினைக்கிறவர் எப்படியும் தீபாவளி முடிந்ததும் போகத்தான் போகிறார்.