சித்தூர் ஆற்றோரம் நாயோடு நடக்க: முதல் தடவை போகிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரை அடுத்த எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் நிறைய, நாயோடு நடப்பவர்கள் குறைவு. பகலில் கட்டிப்போட்டு ராத்திரி அவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன். பொட்டு வந்தபிறகு மாறியது. பொட்டு ஒரு செவலை நாட்டு நாய், 18 கிலோ, நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அந்த 18 கிலோவை ஏன் சொன்னேன் என்று கீழே தெரியும்.

எங்கே போகலாம்

போகக்கூடாத இடங்களை முதலில் சொல்கிறேன். பரம்பிக்குளம் புலிகள் காப்பகமும் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவும் நாய்க்கு இல்லை. 'என் நாய் ரொம்ப சாது சார்' என்று செக்போஸ்டில் கெஞ்சிப் பயனில்லை. சாதுவா இல்லையா என்பதல்ல விஷயம். நம் நாயிடமிருந்து டிஸ்டெம்பர் மாதிரி வைரஸ் நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் பரவும். 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் வரிசையாகச் செத்தபோது அந்த வைரஸைத்தான் கண்டுபிடித்தார்கள். இன்னொரு பக்கம், சிறுத்தைக்கு நாய் என்றால் கொள்ளைப் பிரியம்.

காட்டுக்கு வெளியே ஆறு இருக்கிறதே, அது போதும். ஆனைமலைத் தண்ணீர் மூலத்தறை தடுப்பணையைத் தாண்டிச் சித்தூர்ப் புழையாக வருகிறது. கண்ணாடிப்புழை, சோகநாசினி என்றும் சொல்வார்கள். பறளியில் கல்பாத்திப் புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகிவிடும். கரையில் தென்னந்தோப்பு, பனை, வயல். பெரிய ஏற்றம் கிடையாது. முதல் நடைக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம்.

எப்போது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூனிலிருந்து மழை, ஆற்றை நம்ப முடியாது. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு கிழக்குக் காற்று அடிக்கும். உடம்புக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் தொண்டையை வறட்டிவிடும். குளிர்தானே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

இரண்டு வாரம் முன்பே

வெறிநாய்க்கடி ஊசி வருடாவருடம் போட்டிருக்க வேண்டும். அதோடு எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கல் தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும், ஆற்றோரத்தில் நாய் வாய் வைக்கும் முதல் இடமும் அதுதான். உண்ணி மருந்தும் அப்போதே போட்டுவிடலாம்.

ஒரு வயது ஆகாத பெரிய ஜாதிக் குட்டிகளை நீண்ட நடைக்கு இழுக்க வேண்டாம், எலும்பு இன்னும் முற்றவில்லை. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்கள் வெயிலில் மூச்சுக்குத் தவிக்கும். அவற்றுக்குத் தெருமுனை வரை போதும்.

கழுத்துப்பட்டையைவிட மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் நல்லது. அதை மாட்டி ஊருக்குள் ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று என்று பழக்குங்கள். கயிறு ஆறடி இருந்தால் சரி.

பையில்

இரண்டு மணி நேர நடைக்கு நாய்க்கென்று தனியாக ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், பழைய துண்டு, முள்வாங்கி. நெருஞ்சியும் சீமைக்கருவேலும் இருக்கிற கரையில் முள்வாங்கி இல்லாமல் போவது செருப்பில்லாமல் போவது மாதிரி. கிளம்பும் முன் வயிறு முட்டச் சோறு போடாதீர்கள், வயிறு முறுக்கிக்கொள்ளும் நாய்கள் உண்டு. பாதி வழியில் ஒரு அவித்த முட்டை போதும். திராட்சை, சாக்லேட் இரண்டும் நாய்க்கு விஷம், உங்கள் நொறுக்குத்தீனியில் இருந்தால் எட்ட வையுங்கள்.

நடக்கும்போது

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். கடிகாரத்தைப் பார்த்து 45 நிமிடத்தில் திரும்பிவிடுங்கள், நாய் எவ்வளவு துள்ளினாலும் சரி. நாய் களைத்ததும் திரும்பலாம் என்று நினைத்தால் நேரம் தப்பிவிடும். நாம் நடக்கும் வரை அதுவும் நடக்கும், ஒரேயடியாக விழும்வரை.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு மார்ச் மாதம், பத்து மணி, ஆற்று மணலில் இறங்கிக் குறுக்கே நடந்தேன். செருப்புப் போட்ட எனக்கு மணல் சுட்டது தெரியவில்லை. பொட்டு முதலில் கால் மாற்றிக் கால் வைத்தது, விளையாடுகிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாணல் புதரின் நிழலில் போய்ப் படுத்தது. கூப்பிட்டால் வரவில்லை. நாக்கு அகலமாக, நுனி கரண்டி மாதிரி விரிந்து தொங்கியது. ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. துண்டை நனைத்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் பிழிந்து பிழிந்து விசிறினேன். மூச்சு நிதானமானதும் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினேன். 18 கிலோ.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். அதனால் புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் அதற்கும் முடியாது. கால்மணிக்கு ஒருமுறை நிழலில் நின்று தண்ணீர் காட்டுங்கள். நாய் தள்ளாடினாலோ வாந்தி எடுத்தாலோ நனைத்துக்கொண்டே நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆற்றுக்குள் மணல் அள்ளிய பழைய குழிகள் உண்டு, மேலே முழங்கால் ஆழம் தெரியும், உள்ளே ஆளே முழுகுவார். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் இங்கே மழையே இல்லாமல் ஆறு ஏறும். கலங்கல் கூடினால் கரையேறிவிடுங்கள்.

வயலோரத்தில் கயிற்றை விடவே விடாதீர்கள். காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டுத்தனமாக மின்கம்பி கட்டுகிறார்கள், ஆட்களே செத்திருக்கிறார்கள். தீனிக்குள் வெடி வைப்பதும் உண்டு. 2020இல் இதே பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பமாக இருந்த யானை ஒன்று அப்படி வாய் கிழிந்து, வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. நாய் தரையில் கிடப்பதை எடுத்தால் உடனே துப்பச் சொல்லப் பழக்குவது இந்தப் பக்கத்தில் உயிர்க் கல்வி.

இது கள்ளுக்குப் பேர்போன சித்தூர் ஆயிற்றே, தோப்பில் சிந்திய கள்ளையும் பார்க்க வேண்டும். பொட்டு ஒருநாள் பானையடியை நக்கப் போய், மரத்திலிருந்தவர் மேலிருந்தே கத்தினார்: "தம்பி, அதுக்கு ஊத்தாதீங்க, உங்களுக்கு வேணும்னா கேளுங்க!" நாய்க்குக் கொஞ்சம் சாராயச் சத்தே அதிகம்.

எதிரே ஆட்டுமந்தை வந்தால் கயிற்றைச் சுருக்கி, ஓரமாக உட்கார வைத்து, போகவிடுங்கள். சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய் என்றால் மயிலைக் கண்டாலும் அப்படியே. தெருநாய்கள் சூழ்ந்தால் ஓட வேண்டாம். முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். அது எங்கே என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும்

நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் உண்ணி. காது மடலின் உள்பக்கம், கக்கம், வாலடி, இந்த மூன்றில்தான் அதிகம் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நசுக்காமல் சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுங்கள். பொட்டுக்கு இந்த வேலை பிடிக்கும், முதல் உண்ணி வருவதற்குள் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு தூங்கிவிடும்.