சீனப் போருடையிலிருந்து ஜாக்கெட்: வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனப் போருடையைப் பார்த்து ஜாக்கெட் வரைபவர்கள் முதலில் சறுக்குவது காலக் கலப்பில்தான். சின் காலத்துத் (கி.மு. 221–206) தகட்டுக் கவசம், மிங் காலத்து (1368–1644) மார்புச் சதுரம் (அதிகாரியின் பதவியைக் காட்டும் சித்திரத் துணி), சிங் காலத்துக் (1644–1912) குதிரைக்குளம்புக் கைமுனை, போதாததற்கு ஜப்பானிய சாமுராயின் தோள் பலகை என எல்லாம் ஒரே உடுப்பில் வந்து சேர்ந்துவிடும். ஒரு காலத்தைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

அடுத்தது, தகடு அடுக்கும் திசை. சீனாவின் சியான் நகர் அருகே 1974இல் கிடைத்த சின் காலத்துச் சுடுமண் வீரர் சிலைகளை உற்றுப் பாருங்கள். மார்பில் மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் படிகிறது. வயிற்றிலும் தோளிலும் கீழ்த்தகடு மேல்தகட்டின் மேல் ஏறுகிறது. குனியவும் கையைத் தூக்கவும் அதுதான் வசதி. எல்லா வரிசைகளையும் ஒரே திசையில் தைத்தால், உட்காரும்போது வயிற்றுப் பகுதி புடைத்து நிற்கும். மழைக்கோட்டுக்கு மட்டும் கீழ்த்தகடு மேலேறும் இந்த அடுக்கு ஒத்துவராது: அந்த வரிசையில் தண்ணீர் தேங்கும். அங்கே அடுக்கை விட்டுவிட்டுத் தையல் கோடுகளால் காட்டுவதே நல்லது.

மிங், சிங் வீரர்களின் துணிக்கவசத்தில் இரும்புத் தகடு உள்ளே இருக்கும், வெளியே ரிவிட் தலை மட்டும் தெரியும். பிற்காலச் சிங் சடங்குக் கவசங்கள் பலவற்றில் தகடே கிடையாது. ஆகவே பிளாஸ்டிக் தகடு வைத்து எடையைக் கூட்ட வேண்டாம். பெரிய தவறு, ஜாக்கெட்டை முழுதாகத் தைத்து முடித்தபின் ரிவிட் அடிப்பது. பஞ்சு நசுங்கும், லைனிங் சுருங்கும், நீர்புகாப் படலத்தில் ஒவ்வொரு துளையும் ஒழுகும். வெளித்துணியில் மட்டும், பின்னால் கேன்வாஸ் பட்டி கொடுத்து, லைனிங் சேர்ப்பதற்கு முன்பே அடியுங்கள். ரிவிட் தண்டு துணி, பட்டி இரண்டின் மொத்தத் தடிமனைவிட 2–3 மி.மீ. நீளம் இருந்தால் போதும். கூடினால் வளையும், குறைந்தால் கழன்றுவிடும்.

பஞ்சு வைத்துத் தைக்கும் துணி எப்போதும் சுருங்கும். 30 செ.மீ. சதுரம் ஒன்றைத் தைத்து, துவைத்து, எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த அளவைக் கூட்டித் துணி எடுத்து, முதலில் தைத்துவிட்டு, பிறகு பேட்டர்ன் வைத்து வெட்டுங்கள்.

குறுக்காக மேவும் கழுத்து வைத்தால், அணிபவரின் இடது முன்பக்கம் வலதின் மேல் வந்து வலப்பக்கம் கட்ட வேண்டும். ஆண், பெண் இருவருக்கும் அதே முறை. பெண்கள் சட்டைப் பழக்கத்தில் பேட்டர்னைத் திருப்பிப் போடும் தையலகங்கள் உண்டு. ஹான் சீன மரபில் அந்தத் திசை இறந்தவருக்கு உடுத்துவது. சீன வாடிக்கையாளர் பார்த்ததும் முகம் சுளிப்பார்.

மார்புச் சதுரத்திலும் கவனம் வேண்டும். பறவை குடியியல் அதிகாரிக்கு, விலங்கு படை அதிகாரிக்கு என்று 1391இல் மிங் அரசு வகுத்தது. ஆகவே படைக்கோட்டில் நாரை வரக் கூடாது. சிங்கமோ புலியோ போடுங்கள்.