சல்லடைக் கண் சொல்லும் கணக்கு

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், சலிக்கும் அறையில் பதினெட்டு வருடம் நின்றவள் நான். இன்றும் என்னிடம் கேட்பார்கள்: “அக்கா, பி.ஓ.பி. நல்லதா, டஸ்ட் நல்லதா?” பி.ஓ.பி. என்றால் புரோக்கன் ஆரஞ்ச் பெக்கோ, உடைந்த இலைத் துண்டு. டஸ்ட் என்றால் மிகப் பொடியான தூள். இரண்டும் அளவின் பெயர்கள், ருசியின் பெயர்கள் அல்ல. ஒரே நாள் கொழுந்திலிருந்து இரண்டும் வரும். ஆரஞ்ச் பெக்கோவிலும் தோடம்பழம் கிடையாது.

கலந்த தூளை ஊற வைத்தால் சிறியது முந்திக்கொண்டு கசக்கும். பெரியது அப்போதுதான் விரியத் தொடங்கும். வீட்டிலேயே பிரித்துவிடலாம்.

வெயில் நாளாகப் பாருங்கள். மூடுபனி இறங்கிய நாளில் தூளைத் திறந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விரலிடுக்கில் நசுக்கினால் மொறுமொறுவென்று உடைய வேண்டும். வளைந்தால் மூடி வைத்துவிடுங்கள்.

தொழிற்சாலையில் சல்லடைக்கு எண் உண்டு. ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதே அந்த எண். எண் கூடக் கூடக் கண் சிறுக்கும். முதல் வாரம் இது புரியாமல் 24ஐ 12க்கு மேலே மாட்டிவிட்டேன். பாதித் தூள் மேல் தட்டிலேயே குவிந்து கிடந்தது. தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் எண் தேவையில்லை. பெரிய கண் சல்லடை, அடுத்து ரவை சலிப்பது, கடைசியில் மாவு சலிப்பது. ஒவ்வொரு பிடியாகப் போட்டு வட்டமாக ஆட்டுங்கள். கையால் தேய்க்கவே கூடாது. திரும்பத் திரும்பச் சலித்தாலும் மினுக்கம் போய்த் தூள் சாம்பல் பூத்துவிடும். அதற்கு மருந்து இல்லை.

முதல் சல்லடையில் நிற்பது முறுக்கிய நீள இலை. உயரத் தோட்டங்களில் பெரும்பாலும் பி.ஓ.பி.யும் அதைவிடச் சிறிய பெனிங்ஸும்தான் செய்வதால் இது கொஞ்சமாகவே தேறும். நீள இலைக்குத் தாழ்நாட்டுக் காலி, இரத்தினபுரிப் பக்கம்தான் பேர்போனது. இரண்டாவதில் ஏறக்குறைய பி.ஓ.பி., மூன்றாவதில் பெனிங்ஸ், அடியில் விரித்த தாளில் டஸ்ட்.

செந்நிற நார்களைத் தொழிற்சாலையில் மின்னேற்றிய உருளைகள் இழுத்துக்கொள்ளும். நமக்குச் சுளகு போதும். இரண்டு புடையில் நார் நுனிக்கு ஓடிவிடும்.

டஸ்ட் நெருங்கிப் படிவதால் ஒரு கரண்டியில் கூடுதல் எடை ஏறும், குறைத்துப் போடுங்கள். அதைப் பால் தேநீருக்கு ஒதுக்கிவிடுவேன். பி.ஓ.பி. தனி டின்னில் இருக்கிறது, பால் சேர்க்காத விடியற்காலைப் பிளேன்டீக்கு.