மாடிக்கு வைஃபை எட்டவில்லையா? இன்னொரு ரவுட்டரை அப்படியே மாட்டிவிடாதீர்கள்

ஃபைபர் பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது, மாடி அறையில் சிக்னல் இல்லை. உடனே இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து ஒரு கேபிள் இழுத்து மாட்டுகிறோம். எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம். சிக்னல் முழுசாக வந்தது. ஆனால் கீழே இருக்கும் பிரின்டரை மாடி லேப்டாப் கண்டுபிடிக்கவில்லை. போனில் ஓடும் வீடியோவை ஹால் டிவிக்கு அனுப்பலாம் என்றால், பட்டியலில் டிவியே வரவில்லை. காரணம் புரிய ஒரு மாதம் ஆனது: ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் உண்டாக்கியிருந்தோம்.

வெளியிலிருந்து வரும் ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் 192.168.1.5 என்பதுபோல உள்முகவரி தருவது ரவுட்டர். கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுப்பது மட்டுமே ஆக்சஸ் பாயின்ட்டின் வேலை. நம் வீட்டு ஃபைபர் பெட்டி பெரும்பாலும் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்வதால்தான் இந்தக் குழப்பம். மாடிக்குத் தேவை ஆக்சஸ் பாயின்ட்தான். முகவரி தர வீட்டுக்கு ஒரு ரவுட்டர் போதும்.

அதற்காக வாங்கிய ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் செட்டிங்ஸில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டாலும் வழி உண்டு. முதலில் அதன் முகவரியை, கீழ் ரவுட்டர் யாருக்கும் தராத ஓர் எண்ணாக மாற்றுங்கள்; 192.168.1.2 போல. அடுத்து டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதியை, அணையுங்கள். அப்புறம் கீழிருந்து வரும் கேபிளை, வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட் ஒன்றில் செருகுங்கள்.

டிஎச்சிபியை அணைக்க மறப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. இரண்டு பெட்டியும் முகவரி தரத் தொடங்கும். ஒரு போனில் நெட் வரும், பக்கத்துப் போனில் வராது. அணைத்துப் போட்டால் அதுவும் மாறும். கோளாறு நிலையாக இல்லாததால் கம்பெனி லைனைக் குறை சொல்லிக்கொண்டே இருப்போம்.

தலைகீழாகவும் ஏமாறலாம். வீட்டில் ரவுட்டரே இல்லாமல், மோடமாக மட்டும், அதாவது வெளி இணைப்பை அப்படியே உள்ளே விடுவதாக மட்டும், இயங்கும் பெட்டியில் வெறும் ஆக்சஸ் பாயின்ட்டை மாட்டினால், ஒரு கருவிக்கு நெட் வந்தாலும் மற்றவற்றுக்கு வராது. எல்லாவற்றுக்கும் முகவரி தர ஆள் இல்லையே.

கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு, வைஃபையை வாங்கி வைஃபையாகவே திருப்பித் தரும் எக்ஸ்டென்டர் வாங்குபவர்கள் நிறைய. அது கீழிருந்து வாங்குவதும் மாடியில் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகக் குறையும். அதைச் சிக்னலே இல்லாத அறையில் வைத்தால் இன்னும் வீண். வாங்கினால்தானே கொடுக்க முடியும்? கான்கிரீட் தளம் குறுக்கே இருக்கும் வீட்டில் கேபிளுக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை மலிவு என்று வாங்காதீர்கள், முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். கரன்ட் ஒயர் போகும் அதே பைப்பில் இதை நுழைக்கவும் கூடாது. ரவுட்டரின் போர்ட் வேகத்தையும் பாருங்கள்: 100 எம்பிபிஎஸ் போர்ட் என்றால் 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் மாடியில் 100-ஐத் தாண்டாது.

சரி, மாட்டியாயிற்று. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வையுங்கள். படியேறும்போது போன் தானே மாறிக்கொள்ளும். ஆனால் சேனல், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசைப் பிரிவு, வேறாக இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மூன்றுதான். கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

கரன்ட் போனால் கீழ்ப் பெட்டி யுபிஎஸ்ஸில் ஓடும், மாடிப் பெட்டி அணைந்துவிடும். வாங்கும்போதே பிஓஇ (நெட் கேபிளிலேயே மின்சாரம் பெறும் வசதி) உள்ள ஆக்சஸ் பாயின்ட்டாக வாங்கினால், கீழே யுபிஎஸ்ஸில் வைத்த பிஓஇ அடாப்டரிலிருந்து அதே நெட் கேபிள் வழியாகவே மின்சாரமும் மேலே போகும்.