குடியுரிமைச் சான்றிதழுக்குக் கைரேகை வேண்டுமா? கனடாவில் முதல் தடவை விண்ணப்பிப்பவர்களுக்கு

வீடு மாறும்போது சின்னம்மாவின் பழைய சிட்டிசன்ஷிப் கார்ட் எங்கேயோ தவறிவிட்டது. ஒருநாள் இரவு தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, ரேகை வைக்க எங்க போகவேணும்? அதுக்கு வேற 85 டொலராம். இந்த வயசில என்ர விரல்ல ரேகையே இல்லையடா" என்றார். படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். சரி, அவருக்கு வேறு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்றாம்.

தேவையில்லாத கைரேகைக்குப் பயந்தவர், பயப்படவேண்டிய இடத்தில் யோசிக்கவே இல்லை. அவருக்கு அன்றிரவு சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில்: உங்களுக்கு இது தேவையா?

குடியுரிமைச் சான்றிதழ் என்பது ஏற்கெனவே கனேடியக் குடிமகனாக இருப்பவர் அதை நிரூபிக்க வாங்கும் தாள். புதிதாகக் குடியுரிமை கேட்பது வேறு விண்ணப்பம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கீழே சொல்வது எல்லாமே குழம்பிவிடும்.

கனடாவில் பிறந்தவருக்கு அவர் பிறந்த மாகாணம் கொடுத்த பிறப்புச் சான்றிதழே பெரும்பாலும் போதும். கியூபெக்கில் பிறந்தவர்கள் மட்டும் ஒன்றைப் பார்க்கவேண்டும்: 1994 ஜனவரி 1க்கு முன்னர் தேவாலயங்கள் கொடுத்த பழைய தாள்கள் செல்லாது, மாகாண அரசிடம் புதிதாக எடுக்கவேண்டும். கனேடியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்தவர்களும், சத்தியப்பிரமாணம் எடுத்தபோது கிடைத்த சான்றிதழைத் தொலைத்தவர்களும்தான் இந்த விண்ணப்பத்துக்குரிய ஆட்கள்.

முன்னர் சான்றிதழாகக் கொடுத்த, பர்சில் வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் கார்ட் இன்னும் கையில் இருந்தால் அவசரப்படாதீர்கள். 2012இல் அதை அச்சிடுவதை நிறுத்தினார்களே தவிர, ஏற்கெனவே கொடுத்தது இன்னும் செல்லும்.

கைரேகைக் குழப்பம் எங்கிருந்து வந்தது?

ஊரிலிருந்து அம்மா அப்பாவை விசிட்டர் விசாவில் எடுத்தவர்களுக்கு இது தெரியும். விசா விண்ணப்ப நிலையத்துக்குப் போய், பத்து விரலையும் கண்ணாடியில் வைத்து, படமும் எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதுதான் பயோமெட்ரிக்ஸ். ஒருவருக்கு 85 டொலர், ஒன்றாக விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு அதிகபட்சம் 170. பொதுவாக 14 வயது முதல் 79 வயது வரையுள்ளவர்கள் கொடுக்கவேண்டும், கொடுத்தால் 10 வருடத்துக்குச் செல்லுபடி. ஆசிய நாடுகள் பலவற்றில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 2018 டிசம்பர் 31இல் வந்த நடைமுறை இது. விசா, படிப்பு அனுமதி, வேலை அனுமதி, நிரந்தர வதிவிடம், அகதிக் கோரிக்கை என்று குடிவரவுச் சட்டத்தின் கீழ் வரும் விண்ணப்பங்களுக்குத்தான் இது பொருந்தும்.

கனேடியக் குடிமக்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள், கனேடியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள், ஏற்கெனவே நிரந்தர வதிவிடம் உள்ளவர்கள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. குடியுரிமைச் சான்றிதழ் கேட்பவர் முதல் வகை. ஆகவே கைரேகையும் இல்லை, 85 டொலரும் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. புதிதாகக் குடியுரிமை கேட்கும் பெரியவர்கள் சிலருக்குக் கைரேகை கொடுக்கச் சொல்லிக் கடிதம் வரும். ஒரே பெயரும் பிறந்த திகதியும் உள்ள வேறொருவரின் குற்றப்பதிவோடு குழம்பாமல் இருக்க அதைக் கேட்பார்கள். அந்தக் கடிதம் வந்த உறவினர் ஒருவர் எல்லோருக்கும் கதையைப் பரப்பிவிடுவார், அவ்வளவுதான்.

படிவம்

படிவத்தின் இலக்கம் சிஐடி (CIT) 0001. அதோடு சேர்த்து அனுப்பவேண்டிய பத்திரங்களின் சரிபார்ப்புப் பட்டியல் சிஐடி 0014. இரண்டையும் கனடாவின் குடிவரவு, குடியுரிமைத் திணைக்களமான ஐஆர்சிசியின் சொந்த இணையத்தளத்தில் இருந்து, நிரப்பும் அன்றைக்கே இறக்குங்கள். நண்பர் போன வருடம் அனுப்பிய பிடிஎஃப் வேண்டாம், படிவத்தை அடிக்கடி மாற்றுவார்கள்.

கட்டணம் 75 டொலர். இணையத்திலேயே கட்டி ரசீதைச் சேர்க்கலாம். இதே 75 டொலருக்கு சிஐடி 0058 என்று இன்னொரு படிவமும் இருக்கிறது. அது குடியுரிமைப் பதிவுகளைத் தேடி ஒரு கடிதம் மட்டும் கொடுப்பதற்கு, அதில் சான்றிதழ் வராது. மாறி நிரப்பியவர்களைக் கண்டிருக்கிறேன்.

படிவத்தில் உயரம், கண்ணின் நிறம் எல்லாம் கேட்பார்கள். உடல் அடையாளம் என்று பார்த்தால் இந்த விண்ணப்பத்தில் நீங்கள் கொடுப்பது இவ்வளவும் படமும்தான். கண்ணின் நிறத்துக்கு எங்கள் ஆட்கள் யோசிக்காமல் கறுப்பு என்று எழுதுவார்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள், பெரும்பாலும் அது மண்ணிறம்.

பெயர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். கலியாணத்துக்குப் பிறகு கணவரின் பெயரும் வந்து சேர்ந்திருக்கும். முதலெழுத்தோடு எழுதிய பழைய பாடசாலைப் பெயர் இன்னொன்று. வேறு பெயர்கள் கேட்கும் இடத்தில் இவை எல்லாவற்றையும் எழுதுங்கள். மறைப்பதால் அந்தரங்கம் காப்பாற்றப்படாது, கோப்புதான் தாமதமாகும்.

படம்

இங்கேதான் அதிகமான விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன என்பது என் அனுபவம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தபாலில் அனுப்புவதானால் ஒரே மாதிரியான இரண்டு படங்கள். அளவு 50 மில்லிமீற்றர் அகலம், 70 மில்லிமீற்றர் உயரம். நாடியிலிருந்து உச்சந்தலை வரை முகம் 31 முதல் 36 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். ஸ்ரூடியோவில் "சிட்டிசன்ஷிப் படம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அமெரிக்க, இந்திய விசாக்களுக்கு எடுக்கும் சதுரப் படத்தைத் தந்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அடிமட்டம் வைத்து நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள்.

கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக, வெள்ளை அல்லது வெளிர் பின்னணியில், சிரிக்காமல், வாய் மூடி, நேரே பார்த்தபடி இருக்கவேண்டும். பொட்டு வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. மதத்துக்காகத் தலையை மூடுபவர்கள் மூடலாம், முகம் முழுதும் தெரியவேண்டும், நிழல் விழக்கூடாது.

ஒரு படத்தின் பின்பக்கத்தில் உங்கள் பெயர், பிறந்த திகதி, ஸ்ரூடியோவின் பெயரும் முழு முகவரியும், படம் எடுத்த திகதி எல்லாம் வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டினால் ஏற்கமாட்டார்கள். பெயரை எழுதும்போது பேனையை அழுத்தினால் எழுத்து முன்பக்கம் முகத்தில் புடைத்துக்கொண்டு நிற்கும். சின்னம்மாவின் படத்தில் அப்படித்தான் கன்னத்தில் ஒரு "ச" விழுந்தது, திரும்பவும் எடுக்கவேண்டியதாயிற்று.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் சான்றிதழில் வராது! இப்போதைய சான்றிதழில் பெயர், பிறந்த திகதி, பால், இலக்கங்கள், குடியுரிமை கிடைத்த நாள் மட்டும்தான். படம் உங்கள் கோப்பில் இருக்கும். முகத்தைக் கணினியால் ஒப்பிடும் வேலை பின்னர் கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போது நடக்கும், அது தனிக்கதை.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவேண்டாம்

இரண்டு அடையாளப் பத்திரங்களின் பிரதிகள், அதில் ஒன்றாவது படத்தோடு. கடவுச்சீட்டும் சாரதி அனுமதிப்பத்திரமும் போதும். சின் (சமூகக் காப்புறுதி) இலக்க அட்டை, வங்கி அட்டை இரண்டையும் அடையாளமாக ஏற்கமாட்டார்கள். ஆகவே உதவி செய்பவர் அவற்றைக் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக்கூடாது, மச்சான் எவ்வளவு நன்றாகத் தமிழ் படித்தவராக இருந்தாலும். மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்க்கவேண்டிய அந்தத் தாளை மட்டும் கொடுங்கள், கோப்பு முழுவதையும் அல்ல.

ஸ்கான் செய்வதை முடிந்தால் வீட்டில் செய்யுங்கள். கடையில் செய்தால் அந்தக் கணினியில் இருந்து கோப்பை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, உங்கள் மின்னஞ்சலில் இருந்து வெளியேறிவிட்டு எழும்புங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியதை அனுப்பினவர் அழித்தாலும், வாங்கினவரின் தொலைபேசியில் அதற்குள் சேமிக்கப்பட்டிருக்கலாம்.

யாரிடம் கையெழுத்து வைக்கிறீர்கள்?

உங்கள் கோப்பைப் பற்றி அரசு வேறொருவரோடு பேச உங்கள் சம்மதம் வேண்டும். அதற்கு இரண்டு படிவங்கள், இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

ஐஎம்எம் 5475 போட்டால் அந்த ஆள் உங்கள் கோப்பின் நிலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவ்வளவுதான். ஐஎம்எம் 5476 போட்டால் அவர் உங்கள் பிரதிநிதி. உங்கள் சார்பில் கடிதங்கள் அவருக்கே போகும், அவரே பதில் எழுதலாம். மகளோ மருமகனோ காசு வாங்காமல் பிரதிநிதியாக இருக்கலாம். காசு வாங்குகிறவர் சட்டத்தரணியாகவோ, கியூபெக் நொத்தாரிசாகவோ, ஒன்ராறியோவின் சட்டச் சங்கத்தில் பதிவான பரலீகலாகவோ (சட்டத்தரணி அல்லாத சட்டப் பணியாளர்), குடிவரவு ஆலோசகர்களுக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பான குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினராகவோ இருக்கவேண்டும். கல்லூரி உறுப்பினர்களின் பெயர்களை அதன் இணையத்தளத்திலேயே தேடலாம்.

"என்ர பேரைப் போடவேண்டாம், நீங்களே நிரப்பினதாக இருக்கட்டும்" என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொன்னால் அங்கேயே எழும்பி வாருங்கள். சின்னம்மாவின் ஆளும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் தன்னுடையதைப் போட்டும் வைத்திருந்தார். அதன் பிறகு ஐஆர்சிசி என்ன எழுதினாலும் சின்னம்மாவுக்குத் தெரியாது. அந்த இடத்தில் எப்போதும் உங்கள் சொந்த முகவரி, நீங்களே திறந்து பார்க்கக்கூடியது.

அனுப்பிய பிறகு

பெரும்பாலானோர் இப்போது இணையத்திலேயே அனுப்பலாம். படத்தையும் பத்திரங்களையும் அந்தப் பக்கம் கேட்கும் வடிவில் ஏற்றவேண்டும். சான்றிதழ் தாளாக வேண்டுமா மின்வடிவில் வேண்டுமா என்றும் கேட்பார்கள்.

கிடைத்ததற்கான கடிதம் வரும். அதற்குப் பிறகு "பயோமெட்ரிக்ஸ் பாக்கி, உடனே கட்டுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் மிரட்டினால் அது மோசடி.

உங்களைப் பற்றி அரசின் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 1983இல் நடைமுறைக்கு வந்த அந்தரங்கச் சட்டத்தின் கீழ் கேட்டால் கட்டணம் இல்லை, பொதுவாக 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டால் 5 டொலர். சொந்தக் கோப்புக்கு முதலாவதே போதும். அதில் பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம், பதில் திருப்தி இல்லை என்றால் அந்தரங்க ஆணையாளர் அலுவலகத்தில் முறையிடலாம், அதுவும் இலவசம்.

சான்றிதழ் வந்ததும் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும், பிறந்த திகதியையும், குடியுரிமை கிடைத்த நாளையும் சரிபாருங்கள். பிழை என்றால் உடனே அறிவியுங்கள். தொலைந்த பழையது பிறகு கிடைத்தால் அதைத் திருப்பி அனுப்பவேண்டும், இரண்டையும் வைத்திருக்க முடியாது.

சின்னம்மாவின் பழைய கார்ட் மூன்று மாதம் கழித்துக் கூறைச்சீலை மடிப்புக்குள் இருந்து விழுந்தது. அனுப்பத்தான் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். "புதுசில என்ர படம் இல்லையே, இதில வடிவா இருக்கிறன்" என்றார். உறைக்குள் வைத்து ஒட்ட முன் ஒருமுறை எடுத்துப் பார்த்தார்.